மிதித்தும் நிற்காத கார்: டிராக்கில் பிரேக் சூடேறுவதும் அதை ஆற்றுவதும்

2025 ஜனவரியில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அந்தக் காட்சி போனுக்குப் போன் பரவிய நாளிலிருந்து ‘பிரேக் பெயிலியர்’ பற்றி ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அந்த விபத்தை இங்கே அலசப் போவதில்லை. அதையொட்டி எழுந்த கேள்வி மட்டும் பதில் சொல்லத் தக்கது: ஊருக்குள் சொன்னபடி நிற்கும் கார், ரேஸ் டிராக்கில் கால் மணி நேரம் ஓடியதும் ஏன் சொன்னபடி நிற்பதில்லை?

கன்னியாகுமரி மாவட்டத்தில் டிராக் கிடையாது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வேகமான கார் வைத்திருப்பவர் அதை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கோ போக வேண்டும். கோவைக்கே 400 கிலோமீட்டருக்கு மேல். டிராக்கில் ஓடிய அதே பிரேக்கோடுதான் ஊர் திரும்பவும் வேண்டும். என்ன மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதை இந்தத் தூரம் பெரிய அளவில் முடிவு செய்கிறது.

## பிரேக் என்பது ஒரு அடுப்பு

ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் மிதித்தால் அந்த ஆற்றல் அழிந்துபோவதில்லை, வெப்பமாக மாறுகிறது. சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் உராய்வுத் துண்டுகள் பேட். பேடைத் தள்ளும் பிஸ்டன்கள் இருக்கும் கவ்வி காலிப்பர். உங்கள் காலின் அழுத்தத்தைக் காலிப்பர் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், உண்மையில் அதில் எண்ணெய் இல்லை. இந்த நாலும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றே ஒன்று: வேகத்தைச் சூடாக்குவது.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 1,500 கிலோ எடையுள்ள கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 72 கிலோமீட்டருக்குக் குறைகிறது என்று வையுங்கள்.

1. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 18.75 லட்சம் ஜூல்.
2. நொடிக்கு 20 மீட்டரில் 3 லட்சம் ஜூல்.
3. வித்தியாசம் 15.75 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் நிலையிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு வெப்பம் போதும்.
4. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் இதைச் சுமார் மூன்று நொடியில் முடித்துவிடுவார். அதாவது அந்த மூன்று நொடியும் சராசரியாக 500 கிலோவாட். 300 குதிரைத்திறன் இன்ஜினே 220 கிலோவாட்தான் தரும். காரில் இன்ஜினைவிட பலமான இயந்திரம் பிரேக்.

முன்பக்கம் சுமார் 70 சதவீதச் சுமையை ஏற்கும் என்றால், முன் டிஸ்க் ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் ஜூல் விழுகிறது. டிஸ்க் 9 கிலோ வார்ப்பிரும்பு என்றால் ஒரே மிதியில் அதன் வெப்பநிலை 120 டிகிரி ஏறும். அடுத்த வளைவுக்குள் அந்த 120 டிகிரியும் இறங்கிவிட்டால் கவலை இல்லை. இறங்காவிட்டால் மிச்சத்தின் மேல் மிச்சம் சேரும்.

இதில் கவனிக்க வேண்டியது வேகத்தின் வர்க்கம். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு. ஊருக்குள் 60 கிலோமீட்டரில் மிதிக்கும் அனுபவத்தை வைத்து டிராக்கில் 180 கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று ஊகிக்க முடியாது. நிறுத்தும் வரை மிதித்தால் ஒன்பது மடங்கு.

## மலையிறக்கமும் டிராக்கும் வேறு வேறு

“மலையில் இறங்கும்போதும் பிரேக் சூடாகத்தானே செய்கிறது, அதற்குத் தாங்கும் வண்டி டிராக்கில் தாங்காதா?” என்று கேட்பார்கள். கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் பக்கம் ஜீப் ஓட்டும் டிரைவர்களுக்கு ‘ஏறின கியரிலேயே இறங்கு’ என்பது பால பாடம். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குச் சுமை குறையும்.

அதே 1,500 கிலோ கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால், பிரேக்கை மட்டுமே நம்பினாலும், மொத்தம் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 73 லட்சம் ஜூல். டிராக்கில் ஐந்து மிதிக்குக்கூட வராது. ஆனால் மலையில் அது 25 நிமிடம் பரவிக் கிடக்கிறது. டிராக்கில் இரண்டு சுற்றில் முடிந்துவிடுகிறது. பிரேக்கைச் சோதிப்பது மொத்தச் சூடு அல்ல, சூடு வந்து சேரும் வேகமும் அது வெளியேறும் வேகமும்தான். ஒப்பிட வேண்டிய கணக்கு அதுவே.

## சூடு எந்த வழியாக வெளியேறுகிறது?

மூன்று வழி. ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), காலிப்பர், பேட் வழியாகக் கடத்தப்படுவது ஒன்று. இது நமக்கு வேண்டாத வழி, ஏனென்றால் அது போய்ச் சேரும் இடம் வீல் பேரிங் கிரீஸும் பிரேக் ஆயிலும். இரண்டாவது கதிர்வீச்சு. டிஸ்க் மிகச் சூடாகும்போது இது கணிசமாகும், இரவுப் பந்தயங்களில் சக்கரத்துக்குள் டிஸ்க் செந்தணலாய்த் தெரிவது இதனால்தான். மூன்றாவது காற்று. பெரும்பாலான வேலையைச் செய்வது காற்றுதான், நம்மால் கூட்டக் கூடியதும் இது ஒன்றுதான்.

டிஸ்க் சூடாக ஆக, காற்றுக்கும் அதற்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் கூடுகிறது, வெளியேறும் வெப்பமும் கூடுகிறது. ஆகவே சில சுற்றுகளுக்குப் பிறகு வரவும் செலவும் ஓரிடத்தில் சமமாகி, வெப்பநிலை அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் 450 டிகிரியா 700 டிகிரியா என்பதுதான் முழுப் பிரச்சினையும். பிரேக் குளிர்விப்பு என்றால் டிஸ்கைச் சில்லென்று வைப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்தச் சமநிலையைப் பேடும் ஆயிலும் தாங்கும் அளவுக்குள் இழுத்து வைப்பது, அவ்வளவுதான்.

இனி டிஸ்கின் உள்ளமைப்பு. வேகமான கார்களின் முன் டிஸ்க் ஒரே தகடாக இருக்காது. இரண்டு தகடு, நடுவில் துடுப்புத் துடுப்பாகத் தடுப்புகள், அவற்றுக்கு இடையே காற்று போகும் வழி. சக்கரம் சுற்றும்போது நடுவிலிருக்கும் காற்று விளிம்பை நோக்கி வீசியடிக்கப்படுகிறது, அந்த வெற்றிடத்துக்குப் புதுக் காற்று நடுக் கண்ணின், அதாவது டிஸ்கின் நடுத் திறப்பின், வழியாக வருகிறது. அதாவது டிஸ்க் தானே ஒரு விசிறி. கொல்லன் உலைத்துருத்தி வைத்து நெருப்பை மூட்டுவான். இங்கே அதே ஊதல் நெருப்பை ஆற்றுகிறது.

சில டிஸ்க்குகளில் துடுப்புகள் வளைந்திருக்கும். இவற்றில் இடது வேறு, வலது வேறு. துடுப்பின் உள்முனை சுழலும் திசையில் முன்னாலும் வெளிமுனை பின்தங்கியும் இருக்க வேண்டும். மேற்பரப்பில் வெட்டிய கோடுகளைப் பார்த்து இடது வலது தீர்மானிக்கிறார்கள், அது தவறு. விளிம்பில் டார்ச் அடித்துத் துடுப்பைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் கார் நிற்கத்தான் செய்யும், விசிறி மட்டும் ஒழுங்காக வேலை செய்யாது.

## ‘பிரேக் போச்சு’ என்பதில் இரண்டு ரகம்

டிராக்கிலிருந்து இறங்கி வருபவர் “பிரேக் போச்சு” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். காலுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டால்தான் மருந்து எது என்று தெரியும்.

1. பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. இது பேட் தளர்வு. பேடில் இருக்கும் பிசின் பொருள்கள் தாங்கும் வெப்பநிலையைத் தாண்டிவிட்டன, உராய்வு விழுந்துவிட்டது. சாலைக்கான சாதாரண பேட்கள் பலவும் 400 டிகிரியை ஒட்டியே தளர ஆரம்பிக்கும். எரிந்த நாற்றம் வரும். ஆறினால் ஓரளவு திரும்பி வரும்.

2. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போகிறது. இது ஆயில் கொதித்தது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் அது அழுத்தத்தைக் கடத்துகிறது. கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், நீங்கள் மிதிக்கும் மிதி எல்லாம் அந்தக் குமிழை நசுக்கவே செலவாகும். இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் சில சமயம் பெடல் எழும்பி வரும். வராமலும் போகலாம்.

முதலாவது முன்னறிவிப்பு கொடுத்துப் படிப்படியாக வரும். இரண்டாவது நேர்ச்சாலையின் கடைசியில் திடீரென்று வரும். ஆபத்தில் இரண்டும் ஒன்றல்ல. காசு செலவழிக்கும் வரிசையை முடிவு செய்ய வேண்டியதும் இந்த வேறுபாடுதான்.

நடுங்கும் பெடல் பற்றியும் ஒரு வார்த்தை. மிதிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று உடனே மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. சூடான பேடின் பொருள் டிஸ்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். டிராக்கிலிருந்து வந்து காரை நிறுத்தி, பெடலை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தால் பேடின் அச்சு அப்படியே டிஸ்கில் பதியும். அடுத்த நாள் நடுங்காமல் என்ன செய்யும்?

## கடலோரக் காற்று ஆயிலுக்குச் செய்வது

நம் மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் குளச்சலில் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா, அதே கதை. காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகிறது. தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்குகிறது. தர அளவுகள் சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை இப்படி:

1. டாட் 3: புதிதாக 205 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 140.
2. டாட் 4: புதிதாக 230, ஈரம் சேர்ந்தபின் 155.
3. டாட் 5.1: புதிதாக 260, ஈரம் சேர்ந்தபின் 180.

‘ஈரம் சேர்ந்தபின்’ என்பது 3.7 சதவீதத் தண்ணீர் கலந்த நிலை. வெறும் நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் டாட் 4-ல் 75 டிகிரியைத் தின்றுவிடுகிறது. டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கோன் அடிப்படையிலானது, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் 5.1-க்குப் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வரும், பாட்டிலில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பந்தயத்துக்கென்று வரும் ஆயில்கள் புதிதாக 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும்.

கடலோரத்தில் ஆண்டு முழுக்க ஈரப்பதம். தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. சாலைக்கு மட்டும் ஓடும் காருக்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். டிராக்குக்குப் போகிறவர் போவதற்கு முந்தைய வாரம் மாற்றுவதே சரி. ஒர்க்‌ஷாப் அலமாரியில் பாதி மிச்சமிருக்கும் பாட்டில் வேண்டாம். சீல் உடைத்த நாளிலிருந்தே அது ஈரம் குடித்துக்கொண்டிருக்கிறது. மாற்றும்போது நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து (ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி), பழைய ஆயிலின் நிறம் போகும்வரை புதிது ஓட விட வேண்டும்.

உப்புக் காற்றின் இன்னொரு வேலை துரு. வெளிப்பரப்பின் துருவைப் பேட் தேய்த்து எடுத்துவிடும். துடுப்புகளுக்கு இடையில் படியும் துருவை எதுவும் தேய்க்காது. வழி குறுகி, விசிறி மூச்சு முட்டும். முட்டம், மணக்குடி மாதிரிக் கரையோரத்தில் நிற்கும் கார்களில் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

## வெயிலைக் குறை சொல்ல வேண்டாம்

“ஐரோப்பாவில் குளிர், அதனால் பிரேக் தாங்குகிறது, நம்ம வெயிலுக்குத் தாங்காது” என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. டிஸ்க் 500 டிகிரியில் இருக்கிறது. வெளியே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 485. நம் ஊர் 35 டிகிரியில் வித்தியாசம் 465. காற்று இழுத்துப் போகும் வெப்பத்தில் வேறுபாடு நாலு சதவீதம்தான். வெயில் இன்ஜினைப் பாதிக்கும், டயரைப் பாதிக்கும், ஓட்டுபவரைக் கட்டாயம் பாதிக்கும். பிரேக்கைப் பொறுத்தவரை காற்றின் சூடு சின்ன விஷயம், எவ்வளவு காற்று எந்த இடத்துக்குப் போகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

## ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி ஒரு குழாய்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குக் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. நம் பக்கத்தில் ஆரல்வாய்மொழியில் மலை இடைவெளி விடுகிறது. அங்கே காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது, முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது. இந்தப் பக்கம் காற்று அழுத்தி நிற்க வேண்டும், அந்தப் பக்கம் போக வெட்டவெளி இருக்க வேண்டும். வீட்டில் முன்வாசலைத் திறந்து பின்வாசலை அடைத்துவிட்டால் காற்று வருமா? பிரேக் டக்ட் என்று சொல்லப்படும் காற்றுக் குழாயும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

நுழைவாய்: காரின் முகப்பில் காற்று நேராக மோதும் இடத்தில் அழுத்தம் அதிகம். பம்பரின் நடுப்பகுதியை ஒட்டி வைப்பது நல்லது. ஓரத்துக்குப் போகப் போகக் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். பலர் ஃபாக் லேம்ப் இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டாமல் கிடைக்கும் வழி என்பதால் அது மோசமில்லை.

குழாய்: விட்டம் முக்கியம். மூன்று அங்குலக் குழாயின் பரப்பு இரண்டு அங்குலக் குழாயைப் போல இரண்டே கால் மடங்கு. வளைவு குறைவாக, நசுங்காமல் போக வேண்டும். சூடு தாங்கும் ஹோஸ் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வைத்துச் சமாளிக்க நினைத்தால் முதல் நாளே உருகும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் குழாயில் உரசுகிறதா என்று பார்த்த பிறகே கட்ட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திப் பார்க்கும்போது உரசாது, கார் தன் எடையில் அமர்ந்ததும் உரசும்.

வெளிவாய்: முழு ஏற்பாட்டின் உயிரும் இதில் இருக்கிறது. குழாயின் முனை டிஸ்கின் முகத்தைப் பார்த்து ஊதினால், உள்பக்க முகம் மட்டும் ஆறும். வெளிப்பக்கம் சூடாகவே கிடக்கும். ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் விரிந்து டிஸ்க் கிண்ணம் போலக் குவியப் பார்க்கும், விரிசலும் விடும். காற்று போக வேண்டியது நடுக் கண்ணுக்கு. அங்கே கொடுத்தால் விசிறி அதை வாங்கி இரண்டு தகட்டுக்கும் நடுவே சமமாக அனுப்பும். இதற்கென்று டிஸ்குக்குப் பின்னால் ஒரு தகடு பொருத்தி, அதில் குழாயின் வாயைக் கண்ணுக்கு நேராக வைப்பார்கள். பெரும்பாலான கார்களில் கண் உள்பக்கம் திறந்திருக்கும். சில கார்களில் சக்கரப் பக்கம் திறந்திருக்கும். உங்கள் டிஸ்கைக் கழற்றிப் பார்க்காமல் குழாய் வாங்காதீர்கள்.

பிறகு ‘பின்வாசல்’. சூடான காற்று சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே வெளியேற வேண்டும். மூடிய டிசைன் அலாய் வீல் என்றால் அங்கே தடை.

இதனால் உண்மையில் எவ்வளவு லாபம்? மேலே சொன்ன காருக்கு ஒரு சுற்று 90 நொடி, அதில் மூன்று கனமான மிதி என்று வைத்தால், ஒரு முன் டிஸ்குக்குச் சராசரியாக 18 கிலோவாட் வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கு அடியிலும் ஒன்பது இண்டக்‌ஷன் அடுப்பு முழு சக்தியில் எரிவது மாதிரி. மூன்று அங்குலக் குழாயில் காற்று நொடிக்கு 20 மீட்டர் போய், வெளியே வரும்போது 100 டிகிரி சூடேறியிருந்தால், அது இழுத்துக்கொண்டு போவது சுமார் 10 கிலோவாட். பாதிக்கு மேல். டக்டை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் காற்று கண்ணுக்குப் போய்ச் சேராமல் டயர்ப் பள்ளத்தில் சிதறினால் இந்த 10-ல் ஒன்றிரண்டுகூட மிஞ்சாது.

குழாய் வைக்க இடமில்லாத கார்களுக்கு எளிய வழி உண்டு. சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் ஒரு பிளாஸ்டிக் மடிப்பைப் பொருத்தி, அடியில் ஓடும் காற்றை டிஸ்க் பக்கம் திருப்புவது. போர்ஷே தன் 911 ஜிடி3 கார்களில் இப்படித்தான் செய்தது. அதே கம்பெனியின் பாக்ஸ்டர், கேமன் கார்கள் வைத்திருப்பவர்கள் அதே துண்டை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். குழாய் அளவுக்குப் பலன் இருக்காது, ஆனால் எதையும் வெட்ட வேண்டாம்.

டிஸ்குக்குப் பின்னால் கம்பெனி வைத்திருக்கும் மெல்லிய தகட்டைக் கழற்றி எறிவதும் ஒரு வழக்கம். காற்று கொஞ்சம் கூடுதலாக வரும், உண்மை. ஆனால் அந்தத் தகடு பந்து மூட்டின் ரப்பர் உறையையும் டை ராடின் உறையையும் டிஸ்கின் அனலிலிருந்து காக்கிறது. கழற்றினால் அவற்றில் வெடிப்பு விடும். மழைச் சேறும் உள்ளே வரும். டிராக்குக்கு மட்டும் ஓடும் காருக்குச் சரி, மார்த்தாண்டத்தில் தினமும் ஓடும் காருக்கு வேண்டாம்.

## ஓட்டை, கோடு, செராமிக்

துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு. பழைய காலத்துப் பேட்கள் சூட்டில் வாயு விடும், அந்த வாயு வெளியேறத் துளை உதவியது. இன்றைய பேட்களுக்கு அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. துளையின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்புவதுதான் டிராக்கில் நடப்பது. போதாக்குறைக்கு, சூட்டைத் தாங்கும் இரும்பையும் துளை குறைக்கிறது. டிராக்குக்கு வழவழப்பான டிஸ்கோ கோடு வெட்டியதோ போதும். கோடு பேடின் எரிந்த மேற்படலத்தைச் சுரண்டி எடுக்கும், பேட் சீக்கிரம் தேயும், கொஞ்சம் சத்தம் வரும்.

பெரிய டிஸ்க் போட்டால் உருவாகும் சூடு குறையாது, இரும்பு கூடுவதால் மெதுவாக ஏறும், ஆற அதிகப் பரப்பு கிடைக்கும். நல்லதுதான். ஆனால் காற்று வராத இடத்தில் பெரிய டிஸ்க் வைப்பது, கெட்டுப்போவதைச் சில சுற்று தள்ளிப் போடுவதுதான்.

கார்பன் செராமிக் டிஸ்க் எடையில் இரும்பில் ஏறக்குறைய பாதி, சாலையில் துரு பிடிக்காது. டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவர்கள் சிலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு போடுகிறார்கள் என்றால் காரணம் விலை. தேய்ந்தால் மாற்றும் செலவு அப்படி. ஃபார்முலா 1 கார்பன் டிஸ்க் இன்னொரு உலகம். அதில் ஆயிரத்துக்கும் மேல் சிறு துளைகள் இருக்கும், சூடேறாமல் அது பிடிக்கவே பிடிக்காது.

அதே பாடம் நமக்கும் உண்டு. டிராக் பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. அளவுக்கு மீறி ஆற்றினாலும் கெடுதல்தான். மழை நாளில் பந்தய அணிகள் டக்ட் வாயை டேப் ஒட்டி அடைப்பதைப் பார்த்திருக்கலாம்.

## ஊகிக்காமல் அளப்பது

டக்ட் வைக்கும் முன்னும் பின்னும் அளக்காவிட்டால் காசு எங்கே போனது என்று தெரியாது. டிஸ்கின் விளிம்பில் பூசும் வெப்ப மை மலிவானது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் உச்சம் எவ்வளவு என்பது தெரியும். காலிப்பரில் ஒட்டும் வெப்பப் பட்டை ஆயிலுக்கு எவ்வளவு அனல் போனது என்று சொல்லும். என் கணிப்பில் இரண்டாவதுதான் முக்கியம். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் வெப்பமானியை நம்ப வேண்டாம். நீங்கள் நிறுத்தி இறங்குவதற்குள் டிஸ்க் ஆறியிருக்கும், பளபளப்பான பரப்பில் அது குறைத்தும் காட்டும்.

## கோவைக்குப் போய்த் திரும்பும் காருக்கு வரிசை

1. ஆயில். புதிது, உயர் கொதிநிலை உள்ளது. உயிர் போகும் பிரச்சினை இதுதான் என்பதால் முதலில்.

2. பேட். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான ரகம். முழு ரேஸ் பேட் போட்டால், விடியற்காலை ஆரல்வாய்மொழி தாண்டும்போது முதல் மிதி வழுக்கும். புது பேடைப் பழக்கிய பிறகே கிளம்ப வேண்டும். பேட் பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பேடின் பருமன் ஒரு வெப்பத் தடுப்பும்கூட, மெலிந்த பேட் அனலை நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் அனுப்பும். பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே டைட்டானியம் தகடு வைப்பதும் இதற்குத்தான்.

3. ஓட்டும் முறை. பாதி அழுத்தத்தில் நீளமாக இழுத்துக்கொண்டே போனால் டிஸ்குக்கு ஆற நேரமில்லை. உறுதியாக மிதித்து, சட்டென்று விடுங்கள். நாலைந்து வேகச் சுற்றுக்கு ஒரு மெதுவான சுற்று. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு அடிக்கடி குறுக்கிட்டால், அது உங்களைக் கேட்காமல் தனித்தனிச் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின் பேட் விரைவில் தேய்வதற்கு அது காரணமாக இருக்கலாம்.

4. டக்ட். வெப்ப மை கேட்டால் மட்டும்.

5. பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர். முதல் நாலும் போதாதபோது.

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வருவது இந்த வரிசைக்கு வெளியே, ஆனால் எல்லாவற்றையும்விட மலிவு. அப்படியே சூட்டோடு நிறுத்தினால் காற்றோட்டம் நின்றுவிடும். டிஸ்கில் இருக்கும் அனல் காலிப்பருக்கு ஏறும், ஓடும்போது கொதிக்காத ஆயில் நிற்கும்போது கொதிக்கும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

காப்பீடு பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டு வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் உள்ளடக்காது. தடுப்பில் மோதினால் செலவு உங்களுடையது.

ஊருக்குக் கிளம்பும் முன் சக்கரத்தின் ஆர இடைவெளி வழியாக டார்ச் அடித்து நாலு சக்கரத்திலும் பேடின் பருமனைப் பாருங்கள். பிரேக் நன்றாக ஆறிய பிறகு, நிறுத்தியபடியே பெடலை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். அது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள். இறங்காமல் பஞ்சு மாதிரி இருந்தால், அங்கேயே ஏர் எடுத்துவிட்டுத்தான் 400 கிலோமீட்டர்.